இரண்டு விடையும் சரி போலத் தெரிகிறதே!

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 37 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி என் ஊர். கோவையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். டெவலப்பராகச் சேர்ந்து சொல்யூஷன் டிசைன் வரை வந்துவிட்டேன். அடுத்து ஆர்க்கிடெக்ட் பொறுப்புக்குப் போக டோகாஃப் (ஒரு நிறுவனத்தின் வேலைமுறையையும் கணினி அமைப்புகளையும் மொத்தமாகத் திட்டமிடும் முறை) சான்றிதழ் இருந்தால் நல்லது என்று மேலாளர் சொன்னார். முதல் பகுதியில் சுலபமாகத் தேறிவிட்டேன். இரண்டாம் பகுதியில் நாற்பதுக்கு 21 எடுத்துத் தோற்றுப்போனேன்; 24 வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்கிற தேர்விலேயே தோற்றது வெட்கமாக இருக்கிறது. எந்தக் கேள்வியை எடுத்தாலும் இரண்டு விடைகள் சரி போலவே தெரிகின்றன. மறுபடி முதலிலிருந்து மனப்பாடம் செய்யவா? கோச்சிங் சேரவா? நண்பர் ஒருவர் 'டம்ப்', அதாவது தேர்விலிருந்து கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பு, தருகிறேன் என்கிறார். வீட்டிலிருந்தே எழுதலாமா, கோவைக்கு இறங்க வேண்டுமா? அப்பா கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை போடும் சிறு விவசாயி. "இத்தனை வருசம் வேலை பார்த்த பிறகும் உனக்குப் பரீட்சையா?" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்: அப்பாவுக்கு உரிய பதில் பிறகு. முதலில் அந்த 21-ஐ எடுத்துக்கொள்வோம். மதிப்பெண்ணைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். அதைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

இரண்டாம் பகுதியில் எட்டே கேள்விகள், 90 நிமிடம். நான்கு விடைகளில் மிகச் சிறந்ததற்கு 5, அடுத்ததற்கு 3, அதற்கடுத்ததற்கு 1, ஏமாற்று விடைக்கு 0. இப்போது கணக்குப் போடுங்கள். எட்டுக் கேள்வியிலும் ஏதாவது ஒரு மதிப்பெண் கிடைத்திருந்தால், கிடைத்தவை எல்லாம் 5, 3, 1 என்ற ஒற்றைப்படை எண்கள். எட்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும். உங்களுக்கு வந்திருப்பது 21. ஆக, ஒரு கேள்வியிலாவது நீங்கள் பூஜ்ஜியம் வாங்கியிருக்கிறீர்கள். இன்னொரு கணக்கும் உண்டு. எட்டிலும் இரண்டாவது நல்ல விடையையே தொட்டிருந்தால் எட்டு மூன்று 24, தேறியிருப்பீர்கள். அந்த ஒரு பூஜ்ஜியம் மட்டும் 3 ஆகியிருந்தாலும் அதே 24.

எனவே இரண்டு விடை சரி போலத் தெரிவதைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். அந்த இரண்டும் 5-ம் 3-மாக இருந்தால் எதைத் தொட்டாலும் பெரிய பாதகம் இல்லை. அந்த இரண்டில் ஒன்று ஏமாற்று விடையாக இருந்த இடத்தில்தான் கவிழ்ந்திருக்கிறீர்கள். ஆகவே இந்த முறை பயிற்சியைத் தலைகீழாகச் செய்யுங்கள். சிறந்த விடையைத் தேடாமல் முதலில் பூஜ்ஜியத்தைத் தேடிப் பிடித்து அடித்துவிடுங்கள். பிறகு 1-ஐ. மிச்சம் இரண்டு நிற்கும்போது நிதானமாக யோசிக்கலாம்.

பூஜ்ஜியம் எப்படி வேஷம் போட்டு வரும்? உங்களைப் போல டெவலப்பராக இருந்து வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் நல்ல தீர்வு வடிவத்தில்தான் வரும். பிரச்சினையைப் படித்த உடனே கை துறுதுறுக்கும்: கிளவுடுக்கு மாற்று, ஏபிஐ போடு, ஒரு தொழிற்சாலையில் பைலட் நடத்து. தொழில்நுட்பமாகப் பார்த்தால் தப்பே இல்லாத யோசனையாக இருக்கும். ஆனால் கேள்வியில் நீங்கள் நிற்கும் இடம் ஃபேஸ் ஏ, அதாவது டோகாஃப் சொல்லும் ஏ முதல் ஹெச் வரையான கட்டங்களில் முதலாவது. என்ன வேண்டும் என்றே இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது வேஷம் இன்னும் நைசானது. விடை முழுக்க டோகாஃப் சொற்களாக இருக்கும், எல்லாமே புத்தகத்தில் உள்ளவை, ஆனால் வேறொரு கட்டத்துக்கு உரியவை. முதல் பகுதிக்காக மனப்பாடம் செய்தவர்கள் இதில் சட்டென்று விழுவார்கள். பழக்கப்பட்ட பெயர்கள் வரிசையாக வந்தாலே மனம் தலையாட்டிவிடுகிறது. கேள்வியில் கவலைப்படுவதாகச் சொல்லப்பட்ட ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத விடை மூன்றாவது. நான் பயிற்சி கொடுக்கும்போது சொல்வது இதுதான்: கேள்வியில் யாராவது பயப்படுவதாக எழுதியிருந்தால், அந்தப் பயத்துக்குப் பதில் இல்லாத விடைக்கு 5 கிடைக்கவே கிடைக்காது.

ஏன் இவ்வளவு ஒப்புதல், கையெழுத்து, வாரியம் என்று அலுத்துக்கொள்வீர்கள். டோகாஃப் 1995-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டாஃபிம் என்ற வரைவை அடித்தளமாக வைத்து உருவானது. ராணுவ அலுவலகத்தின் வாசனை இன்னும் போகவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒன்றைச் செய்வதற்கு முன் யார் கேட்டார்கள், யார் ஒப்புக்கொண்டார்கள், எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் அலுவலகத்தில் வேலை அப்படி நடக்காது, எங்கள் அலுவலகத்திலும்தான். தேர்வு அறையில் அதை மறந்துவிட வேண்டும்.

இனி ஒரு கேள்வியை நாமே செய்து பார்ப்போம். இதற்கு உங்களுக்கு அயல்நாட்டு விமானக் கம்பெனி உதாரணம் எதற்கு? அப்பா இலை போடுகிற இடமே போதும்.

மலையில் பல ஊர்களில் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் ஒரு கூட்டுறவு அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் இடத்தில் இலை மூட்டையை எடை போடுகிறார்கள். மழை நாளில் ஈரத்துக்காக எடையில் ஒரு பிடித்தம். சில இடங்களில் எடை நேராகக் கணினிக்குப் போகிறது, சில இடங்களில் விவசாயியின் சிறு புத்தகத்தில் பேனாவால் எழுதுகிறார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தனித்தனி கணக்கு மென்பொருள். இலைக்கு என்ன விலை என்பதோ குன்னூர் ஏலத்தில் தூள் போன விலையையும், தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையையும் ஒட்டியது. பணம் தாமதமாகிறது, பிடித்தம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது என்று விவசாயிகள் குறைப்படுகிறார்கள். தலைமை நிர்வாகிக்கு எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒரே முறை வேண்டும். தொழிற்சாலை மேலாளர்களுக்கோ பயம்: இலை குவிகிற மாதங்களில் புது முறை படுத்துவிட்டால் மூட்டைகள் வாசலிலேயே கிடந்து சூடேறிக் கெட்டுப்போகும். ஆர்க்கிடெக்சர் வேலைக்கான கோரிக்கை, அதாவது ரிக்வெஸ்ட் ஃபார் ஆர்க்கிடெக்சர் ஒர்க், வந்துவிட்டது. நீங்கள் தலைமை ஆர்க்கிடெக்ட். மேலாளர்களின் கவலையை எப்படி அணுகுவீர்கள்?

முதல் விடை: நன்றாகப் பெயர் எடுத்த ஒரு இஆர்பி மென்பொருளை (கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்துவது) தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு தொழிற்சாலையில் ஓட்டிக் காட்டி மேலாளர்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது. இரண்டாவது: எல்லாத் தொழிற்சாலைகளிலும் இப்போது உள்ள மென்பொருள்களைப் பட்டியலிட்டு, வர வேண்டியதோடு ஒப்பிட்டு கேப் அனாலிசிஸ் செய்து, அந்த அறிக்கையை மேலாளர்களிடம் காட்டுவது. மூன்றாவது: யார் யாருக்கு என்ன கவலை, எவ்வளவு அதிகாரம் என்று ஸ்டேக்ஹோல்டர் மேப் போட்டு, மேலாளர்களோடு பேசி, உடனே விவசாயி, எடை, விலை ஆகியவற்றுக்கான டேட்டா ஆர்க்கிடெக்சரை விரிவாக வரைய ஆரம்பிப்பது. நான்காவது: அதே மேப், அதே பேச்சு, அதோடு பிசினஸ் சினாரியோ மூலம் தேவையைத் தெளிவாக்கி, அமைப்பு இந்த மாற்றத்துக்குத் தயாரா என்று பார்த்து, 'இலை குவியும் மாதத்தில் எடை முறை நிற்கக்கூடாது' என்பதை ஒரு தேவையாகவும் ஒரு ரிஸ்க்காகவும் பதிந்து, ஆர்க்கிடெக்சர் விஷன் என்ற இலக்கு வரைவில் சேர்த்து, ஸ்டேட்மென்ட் ஆஃப் ஆர்க்கிடெக்சர் ஒர்க், அதாவது செய்யப்போகும் வேலையைச் சொல்லும் ஆவணத்துக்கு, ஒப்புதல் வாங்குவது.

உங்கள் கை எதை நோக்கிப் போனது? டெவலப்பர் கை முதல் விடைக்குப் போகும். அதுதான் 0. இரண்டாவதில் ஆர்க்கிடெக்சர் வேலை இருக்கிறது, ஆனால் அது விரிவாக வரையும் பி, சி, டி கட்டங்களின் வேலை. பயப்படுகிற மேலாளரைக் கூப்பிட்டு அவர் வைத்திருக்கும் மென்பொருளின் குறைப் பட்டியலை நீட்டுவது பயத்தைக் கூட்டத்தான் செய்யும். 1. மூன்றாவது ஆளைக் கவனித்தது, ஆனால் விஷனும் ஒப்புதலும் இல்லாமல் சி கட்டத்துக்குத் தாவிவிட்டது. 3. நான்காவது ஃபேஸ் ஏ-க்கு உரியதை அங்கேயே முடித்தது. 5. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் நீங்கள் தடுமாறியிருந்தால் அது ஆரோக்கியமான தடுமாற்றம்.

அந்த மேப்பிலேயே ஒரு சின்ன பொறி உண்டு. அதிகாரம், ஆர்வம் என்ற இரண்டு அச்சில் ஆட்களைப் போடும்போது பலர் விவசாயியை 'ஆர்வம் அதிகம், அதிகாரம் குறைவு, தகவல் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்' என்ற கட்டத்தில் போட்டுவிடுவார்கள். தனியார் தொழிற்சாலை என்றால் அது ஓரளவு பொருந்தும். கூட்டுறவில் அவர்தான் அங்கத்தினர், அவர்தான் ஓட்டுப் போடுகிறவர். கேள்வியில் 'அங்கத்தினர்' என்ற ஒரு சொல் இருந்தால் கட்டம் மாறிவிடும். இரண்டாம் பகுதிக் கேள்விகளில் இப்படி ஒரு சொல்லில்தான் 5-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

இதே தொழிற்சாலையை வைத்து மற்ற கட்டங்களுக்கும் நீங்களே கேள்வி எழுதிப் பாருங்கள். ஃபேஸ் ஜி-க்கு ஒன்று: செயல்படுத்தும் நேரத்தில் ஒரு மேலாளர் தன் ஊர் ஆளிடம் வேறொரு எடை செயலியை வாங்கி மாட்டிவிட்டார். நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஒப்புக்கொண்ட விவரக்குறிப்பில் அது இல்லை. இங்கே சரியான வழி கம்ப்ளையன்ஸ் ரிவ்யூ நடத்தி, எந்த அளவு விலகல் என்று பார்த்து, ஆர்க்கிடெக்சர் போர்டிடம் கொண்டுபோவது; நியாயமான காரணம் இருந்தால் காலவரையறையோடு விலக்கு கேட்கலாம். 'ஃபேஸ் ஏ-க்குத் திரும்பி விஷனை மாற்றி எழுது' என்ற விடை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஒரு செயலிக்காக யாரும் அத்தனை தூரம் திரும்ப மாட்டார்கள். ஃபேஸ் ஹெச்-சுக்கு: எல்லாம் ஓட ஆரம்பித்துச் சில காலம் கழித்து ஈரப் பிடித்தத்துக்குப் புது விதி வருகிறது. இது எளிமைப்படுத்தும் மாற்றமா, படிப்படியான மாற்றமா, மறுபடி முழுதாக ஆர்க்கிடெக்சர் செய்ய வேண்டிய மாற்றமா? உங்கள் விடையை மூன்று வரியில் காரணத்தோடு எழுதுங்கள். எழுதாமல் மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொள்வதில் பலன் இல்லை.

ஏபிபி, எஸ்பிபி குழப்பம் இருந்தால் அதுவும் இங்கேயே தீரும். 'இலை எடையை விவசாயி பெயரில், அவர் கண் முன்னே பதிய வேண்டும்' என்பது ஆர்க்கிடெக்சர் பில்டிங் பிளாக். இன்ன கம்பெனி தராசு, இன்ன செயலி என்பது சொல்யூஷன் பில்டிங் பிளாக்.

இந்தப் பயிற்சிக்கு உங்களுக்கு வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறார். சாயங்காலம் அப்பா அடுப்பங்கரையில் உட்காரும்போது இலைக் கணக்கில் அவருக்கு என்ன கவலை என்று கேளுங்கள். எடை சரியாக ஏறியதா, பிடித்தம் எவ்வளவு, காசு எப்போது: மூன்றே கேள்வியில் அவர் உங்களுக்கு ஒரு வியூபாயிண்ட் கொடுத்துவிடுவார். மேலாளரைக் கேட்டால் கவலை வேறு: இன்று எவ்வளவு இலை வரும், வாட்டும் தொட்டியில் இடம் இருக்கிறதா. கணக்கரைக் கேட்டால் ஏல விலை எப்போது கைக்கு வரும் என்பார். ஒரே எடை விவரம், மூன்று பேருக்கு மூன்று பார்வை. அப்பா பரீட்சை எதற்கு என்று கேட்டால், உங்கள் இலைக் கணக்கு ஏன் ஒரு இடத்தில் முழுசாகத் தெரிவதில்லை என்று கண்டுபிடிக்கிற வேலைக்கு என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்வாரோ இல்லையோ, அதற்குப் பிறகு நிறையப் பேசுவார்.

புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு விஷயம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பலரைத் தோற்கடிப்பதே அந்தச் சலுகைதான். புத்தகம் திரையிலேயே மின்வடிவில் வரும். ஒரு கேள்விக்குப் பதினோரு நிமிடம் சொச்சம். அதில் கதையைப் படிக்கவே நான்கைந்து நிமிடம் போகும். மிச்சத்தில் தேடிப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. கடைசி இரண்டு விடைகள் நிற்கும்போது எந்தக் கட்டத்தில் எந்த ஆவணம் என்று ஒரு முறை சரிபார்க்க மட்டும் திறங்கள். அதற்கு எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2022-ல் வந்த பத்தாம் பதிப்பின் அடிப்படைப் பகுதி ஆறு ஆவணங்களாகப் பிரிந்திருக்கிறது. எந்த விஷயம் எந்த ஆவணத்தில் என்பதை விரல் நுனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் (ஆர்க்கிடெக்சர் டெவலப்மென்ட் மெத்தட், ஏ முதல் ஹெச் வரையான கட்டங்களைச் சொல்லும் வழிமுறை) பகுதியில் ஒவ்வொரு கட்டமும் நோக்கம், உள்ளீடு, படிகள், வெளியீடு என்ற ஒரே அமைப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தினமும் ஒரு கட்டத்தை எடுத்து நோக்கத்தையும் வெளியீட்டையும் மட்டும் வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். படிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். நோக்கம் தெளிவாகத் தெரிந்தால் படி தானே வரும்.

கேள்வியைப் படிக்கும்போது கடைசி வரியிலிருந்து ஆரம்பியுங்கள். 'ரிஸ்க்கை எப்படிக் கையாள்வீர்கள்' என்றா, 'அடுத்து என்ன செய்யப் பரிந்துரைப்பீர்கள்' என்றா என்று தெரிந்துகொண்டு கதைக்குப் போனால், கதையில் எது சதை, எது நார் என்று தெரியும்.

கோச்சிங் வேண்டாம். முதல் பகுதியைத் தேறியவருக்கு அங்கே கிடைக்கப்போவது அதே படவில்லைகள்தான். டோகாஃபை வெளியிடும் ஓப்பன் குரூப் அமைப்பு தரும் மாதிரித் தேர்வு, கையில் ஒரு தாள், தப்பு விடைக்கு ஏன் அந்த மதிப்பெண் என்று விளக்கும் பகுதியைப் பொறுமையாகப் படிப்பது, இவை போதும். டம்ப் பக்கமே போகாதீர்கள். தேர்வு எழுதும்போது நீங்கள் ஏற்கும் ஒப்பந்தத்துக்கே அது விரோதம். நான் பார்த்த டம்ப்களில் விடைகள் பல தப்பாகவும் இருந்தன. 5-ம் 3-ம் எது என்று அதைத் தொகுத்தவருக்கே தெரியவில்லை. இன்னொன்று, சக ஊழியர்கள் அன்போடு கொடுக்கும் ஒன்பதாம் பதிப்புக் குறிப்புகள். ஏடிஎம் வட்டம் மாறவில்லை என்றாலும் புத்தகம் மொத்தமும் மாற்றி அடுக்கப்பட்டிருக்கிறது. பழைய குறிப்பில் படித்துவிட்டு திரையில் புதிய ஆவணத்தைத் திறந்தால் வழி தெரியாமல் நிற்பீர்கள்.

சான்றிதழால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அது யாரையும் ஆர்க்கிடெக்ட் ஆக்காது. விண்ணப்பங்களை வடிகட்டும் மேசையைத் தாண்ட வைக்கும். அரசுத் திட்டங்களின் ஒப்பந்தங்களில் இந்தச் சான்றிதழைக் கேட்பதும் உண்டு. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018-ல் இன்ட்இஏ என்ற எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் சட்டகத்தைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பக்கமும் இந்த மொழி புழங்குகிறது.

எங்கே எழுதுவது? கோவைக்கு இறங்குங்கள். வீட்டிலிருந்து எழுதினால் கேமரா முன்னால் தனி அறையில், மேசையில் ஒன்றும் இல்லாமல், எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். அதெல்லாம் முடியும். ஆனால் மழைக் காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவதையும், அதோடு நெட் போவதையும் நீங்கள் தடுக்க முடியாது. இன்வெர்ட்டர் இருக்கிறது என்பீர்கள்; உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஊர் டவரைக் காப்பாற்றாது. முதல் நாளே இறங்கி ஒரு ராத்திரி கோவையில் தங்கிவிடுங்கள். அக்டோபர், நவம்பர் என்றால் கட்டாயம். மேட்டுப்பாளையம் சாலையில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. முடிந்தால் ஜனவரி, பிப்ரவரியில் தேதி போடுங்கள். பனிக்குத் தேயிலையும் துளிர்ப்பது குறையும், வீட்டில் வேலையும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும்.

பதிவு செய்யும்போது இரண்டைக் கவனியுங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு இனிஷியல் ஒரு தீராத தொல்லை. ஒரு அட்டையில் புள்ளி வைத்த ஒற்றை எழுத்து இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கடைசியில் நிற்கும். தேர்வுக்கு எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதியுங்கள். வாசலில் திருப்பி அனுப்பிவிட்டால் கட்டிய பணமும் போய்விடும். அடுத்து, நீங்கள் எழுத வேண்டியது இரண்டாம் பகுதி மட்டும், ஓஜிஇஏ-102. பட்டியலில் அதற்கு அடுத்தே 103 என்று இரண்டு பகுதியும் சேர்ந்த தேர்வு இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தினால், ஏற்கெனவே தேறிய நாற்பது கேள்விகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுவீர்கள்.